நாயின் கயிற்றை யார் பிடிப்பது?

திருவொற்றியூர் காலடிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒன்பது பக்கம். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 34 வயது. கணவர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் நாலைந்து இரவு வீட்டில் இருப்பதில்லை. ஒரே மகனுக்கு ஏழு வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பத்துப் பதினைந்து வார்த்தைகள் பேசுவான். குக்கர் விசில் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வான். கடிதம் முழுக்க மகனை அவர் ‘தம்பி’ என்றே எழுதுகிறார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

போன ஆறு மாதத்தில் தம்பி இரண்டு முறை வீட்டைவிட்டுப் போய்விட்டான். முதல் முறை கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தான். இரண்டாவது முறை எண்ணூர் நெடுஞ்சாலையைத் தாண்டி, கடலோரம் கொட்டியிருக்கும் கருங்கல் மேல் நின்றான். கண்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போகும் சாலை அது. வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் பிடித்து உட்காரவைத்திருந்தார். “அன்றிலிருந்து நான் தூங்கவில்லை டாக்டர்” என்று எழுதியிருக்கிறார்.

அப்புறம் ஒரு நாள் கைபேசியில் ஒரு வீடியோ. அமெரிக்காவில் ஒரு சிறுவன், இடுப்பில் பெல்ட், அது ஒரு பெரிய நாயின் உடையோடு கட்டப்பட்டிருக்கிறது. சிறுவன் சாலைக்கு ஓடப் பார்க்கிறான், நாய் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது, சிறுவன் நிற்கிறான். அதைத் தேடிப் போனதில் நம் ஊர் பயிற்சியாளர் ஒருவர் கிடைத்திருக்கிறார். மூன்று மாத லாப்ரடார் குட்டி, ஆறு மாதப் பயிற்சி, ‘சான்றளிக்கப்பட்ட ஆட்டிசம் உதவி நாய்’ என்று அட்டையும் சிவப்புச் சட்டையும். மொத்தம் 2,80,000 ரூபாய், பாதி முன்பணம். “இந்த அட்டை இருந்தால் எந்தப் பள்ளியும், எந்த வீட்டுக்காரரும் தடுக்க முடியாது” என்று சொல்லியிருக்கிறார். நகையை அடகு வைக்க இந்தத் தாய் தயார். மாமியார் வேண்டாம் என்கிறார். பள்ளியில் கேட்டதற்குச் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் பதிலே சொல்லவில்லை. வாங்கலாமா, சட்டம் என் பக்கம் இருக்கிறதா என்பது கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. கதவைத் திறந்து வைத்த பாவி நான்தான் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் 1,200-க்கும் மேற்பட்ட ஆட்டிசம் குழந்தைகளின் பெற்றோரிடம் கேட்டு, 2012-இல் ஓர் ஆய்வு வெளியானது. நான்கு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது வீட்டைவிட்டோ பள்ளியைவிட்டோ போக முயன்ற குழந்தைகள் 49 சதவீதம். ஏறக்குறைய பாதி. தனி வீடும் வேலி போட்ட தோட்டமும் இருக்கிற ஊரிலேயே இந்தக் கணக்கு. நீங்கள் ஒற்றை வராந்தாவும் பொதுப் படிக்கட்டும் உள்ள மாடி வீட்டில் இருக்கிறீர்கள்.

இப்போது நாய்க்கு வருவோம்.

நாய் என்ன செய்யும்

நீங்கள் பார்த்த வீடியோ பொய் இல்லை. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்கள் நூறு ஆண்டுப் பழக்கம். காது கேளாதவருக்கு அழைப்பு மணியைத் தெரிவிக்க, சக்கர நாற்காலியில் இருப்பவர் கீழே போட்ட பொருளை எடுத்துத் தர, வலிப்பு வந்தவருக்கு உதவிக்கு ஆள் அழைக்க என்று பல வேலைகளுக்கு நாய்களைப் பழக்குகிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கென்று தனியாகப் பழக்கத் தொடங்கியது 1990-களின் பிற்பகுதியில், கனடாவில். குழந்தை பதற்றத்தில் கத்தும்போது மடியில் தன் எடையைச் சாய்த்துப் படுக்கும். தலையில் அடித்துக்கொண்டால் மூக்கால் கையைத் தள்ளும். இரவில் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த மாதிரி, ஓடும்போது நங்கூரமாக உட்காரும்.

பலன் உண்டா என்றால், உண்டு. மொன்ட்ரியாலில் 42 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வெளியானது. தூங்கி எழுந்ததும் உடம்பில் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் கொஞ்சம் ஏறும், எல்லாருக்கும் ஏறும். அந்தக் குழந்தைகளுக்கு நாய் வருவதற்கு முன் 58 சதவீதம் ஏறியது, நாய் வீட்டில் இருந்தபோது 10 சதவீதம்தான் ஏறியது, நாயைத் திரும்ப எடுத்துக்கொண்டதும் மறுபடி 48-க்குப் போனது. சின்ன ஆய்வுதான். ஆனால் நாய் வந்த பிறகு பிள்ளை காலையில் கொஞ்சம் அமைதியாக எழுகிறான் என்று பெற்றோர் சொல்வதை நான் அலட்சியப்படுத்துவதில்லை.

சரி, அந்த வீடியோவில் நீங்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். திரும்பப் போட்டுப் பாருங்கள். நாயின் கழுத்திலிருந்து இன்னொரு கயிறு போகும். அதன் மறுமுனையில் ஒரு பெரியவர் கை இருக்கும். சின்னக் குழந்தைக்கான உதவி நாய் குழந்தையின் பேச்சைக் கேட்டு வேலை செய்வதில்லை; கூடவே வரும் பெரியவரின் கட்டளைக்கு வேலை செய்கிறது. ‘உட்கார்’ என்று அவர் சொல்கிறார், நாய் உட்காருகிறது, குழந்தை நிற்கிறான். பெரியவர் இல்லாமல் குழந்தையை நாயோடு கட்டிவிடுவது ஆபத்து. நாய் ஒரு பூனையைப் பார்த்துப் பாய்ந்தால் குழந்தையும் கூடவே இழுபடுவான். அதனால் பொறுப்பான பயிற்சி நிறுவனங்கள் யாரும் அதை அனுமதிப்பதில்லை.

உங்கள் கடிதத்திலிருந்தே எடுக்கிறேன். தம்பி போன இரண்டு முறையும் மாலை ஐந்திலிருந்து ஆறுக்குள். அந்த நேரத்தில் நீங்கள் அடுப்படியில். கணவர் சாலையில். வீட்டில் இருக்கும் இன்னொருவர் உங்கள் மாமியார், 68 வயது, முட்டிவலி. அப்படியென்றால் மாலை ஐந்து மணிக்கு அந்தக் கயிற்றைப் பிடிப்பது யார்? நீங்கள் கையில் பிடித்திருந்தால் தம்பியின் கையையே பிடித்திருக்கலாமே. உதவி நாய் வெளியே போகும்போது, கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகும்போது உதவும். வீட்டிலிருந்து சத்தமில்லாமல் நழுவிப் போகிற பிள்ளைக்கு அது காவல் இல்லை. உங்கள் பிரச்சினை இரண்டாவது வகை.

இன்னும் ஒன்று. தம்பிக்கு இப்போது 26 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றாக வளர்ந்த லாப்ரடார் முப்பது கிலோ. குட்டி வளர்ந்து, பழகி, வேலைக்குத் தயாராகும்போது தம்பிக்கு ஒன்பது வயது ஆகியிருக்கும். அந்த எடையில் பிள்ளையை நாயோடு கட்டுவதை வெளிநாட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

காதைப் பொத்திக்கொள்கிற விஷயத்தையும் சாதாரணமாக விடாதீர்கள். சில வருடங்களுக்கு முன் பெரம்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு, பெண் குழந்தை நாய்ப் படங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பதை வைத்து, நாய் வளர்க்கலாம் என்று நானே உற்சாகமாகச் சொன்னேன். படத்தில் இருக்கிற நாய் குரைக்காது என்பது எனக்குத் தோன்றவில்லை. நாலே மாதத்தில் அந்த நாய் பொன்னேரியில் உறவினர் வீட்டுக்குப் போனது. அந்தக் குழந்தை அதற்குப் பிறகு ஒரு மாதம் கட்டிலுக்கு அடியில்தான் சாப்பிட்டது. அந்தத் தப்பு என்னுடையது. அதனால்தான் இப்போது இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

அந்த அட்டை

இந்தியாவில் ஒரு நாயை ‘உதவி நாய்’ என்று பதிவு செய்து சான்றிதழ் கொடுக்கிற அரசு அமைப்பு எதுவும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, ஆட்டிசம் அதில் இருக்கிறது. உதவி நாய் என்ற பேச்சே அதில் இல்லை. ஆக, அந்த அட்டையை அச்சடித்தது பயிற்சியாளரின் பக்கத்து ஜெராக்ஸ் கடை. அதற்குமேல் அதற்கு மதிப்பு கிடையாது.

இதைவிட வேடிக்கை, அமெரிக்காவிலும் அப்படி ஒரு அட்டை கிடையாது. அங்கே 1990-இல் வந்த சட்டம் உதவி நாயைக் கடைக்கும் பள்ளிக்கும் அனுமதிக்கிறது. ஆனால் நாய் எதற்கு என்று பார்த்தவுடன் தெரியாவிட்டால் ஊழியர்கள் இரண்டே கேள்விதான் கேட்கலாம்: இந்த நாய் குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படுகிறதா, என்ன வேலை செய்யப் பழக்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் கேட்கவே கூடாது. இணையத்தில் விற்கும் அட்டைகளுக்கு அங்கும் சட்ட மதிப்பு இல்லை. கூட இருந்தாலே ஆறுதல் என்று வைத்துக்கொள்ளும் நாய் அங்கே உதவி நாய்க் கணக்கில் வராது. ஒரு குறிப்பிட்ட வேலைக்குப் பழகியிருக்க வேண்டும்.

அந்தப் பழக்கம் வருவதற்கு ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகிறது. குட்டியிலேயே குணம் பார்த்துப் பொறுக்கி, ஒரு குடும்பத்தில் விட்டு வளர்த்து, பிறகு பயிற்சி கொடுத்து, கடைசியில் அந்தக் குழந்தையின் பெற்றோரைக் கூட்டிவந்து பல நாள் சேர்ந்து பழக வைக்கிறார்கள். நல்ல வம்சத்துக் குட்டிகளிலேயே பாதி வழியில் ‘இது சரிப்படாது’ என்று கழித்துவிடப்படுபவை நிறைய. மூன்று மாதக் குட்டியைக் காட்டி, இதுதான் உங்கள் பிள்ளையின் உதவி நாய் என்று ஒருவர் இன்றே உறுதி சொன்னால், பொறுமையாகப் பேசி, போனை வைத்துவிடுங்கள்.

அவர் ஏமாற்றுக்காரர்தான் என்று நான் சொல்ல வரவில்லை. நாய்க்கு ‘உட்கார், நில், கூட வா’ நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறவராக இருக்கலாம். ஆனால் ஆட்டிசம் உள்ள குழந்தையோடு வேலை செய்யும் நாயை இதுவரை எத்தனை வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார், அதில் ஒரு வீட்டுக்கு உங்களைக் கூட்டிப் போவாரா, நாய் சரிப்படவில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தில் எவ்வளவு தருவார், இதையெல்லாம் எழுத்தில் தருவாரா என்று கேளுங்கள். குட்டி எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள்: 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.

முன்பணம் எதுவும் இன்னும் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன். கொடுத்திருந்தால் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வையுங்கள். இல்லாத உரிமையை இருப்பதாகச் சொல்லி விற்பது முறையற்ற வணிகம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். வட சென்னைக்கென்று தனியாகவே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

பள்ளியும் வீட்டுக்காரரும்

இந்தப் பகுதியை எழுதுமுன் வழக்கறிஞரான என் தோழியிடம் படித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன்.

நாயைப் பள்ளிக்குள் விட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் நம்மிடம் இல்லை. ஆனால் பள்ளியிடம் நீங்கள் கேட்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. அவற்றைக் கேட்காமல் நாயை மட்டும் கேட்டதால்தான் அவர்கள் சிரித்துத் தப்பித்துக்கொண்டார்கள். 2016 சட்டத்தில் ‘நியாயமான ஏற்பாடுகள்’ என்று ஒன்று இருக்கிறது. குறைபாடு உள்ளவர் மற்றவரோடு சமமாகப் பங்குபெறத் தேவையான மாற்றங்களை, அளவுக்கு மீறிய சுமை ஏற்படாத வரையில், செய்துதர வேண்டும் என்பது அதன் சாரம். அரசு அங்கீகாரமுள்ள பள்ளிகள் குறைபாட்டைக் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்று இருந்தால் 6 முதல் 18 வயதுவரை பக்கத்துப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்விக்கு உரிமை உண்டு.

ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: வகுப்பில் வாசலுக்குத் தூரமான இருக்கை, இடைவேளையில் தம்பி மேல் கண்வைக்க ஒரு குறிப்பிட்ட ஆள், மணி அடிக்கும் நேரத்தில் காதடைப்பு போட்டுக்கொள்ள அனுமதி, பிள்ளையைக் காணவில்லை என்றால் எத்தனை நிமிடத்துக்குள் உங்களுக்குப் போன் வரும். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம். முதல் மீறலுக்கே பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. அபராதம் விதிக்கப்படுகிறதா என்பது வேறு கதை. ஆனால் பிரிவு எண் போட்ட கடிதத்துக்கு ஒரு தலைமையாசிரியர் எப்படி நிமிர்ந்து உட்காருவார் என்று நான் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டில் எல்லாம் சுலபம் என்று நினைக்க வேண்டாம். மிச்சிகன் மாநிலத்தில் எலேனா ஃப்ரை என்ற சிறுமி, பெருமூளை வாதம் உள்ளவள். வொண்டர் என்ற தன் நாயைப் பள்ளிக்குக் கொண்டுபோக 2009-இல் அனுமதி கேட்டாள். உதவிக்கு ஆள் போட்டிருக்கிறோமே, நாய் எதற்கு என்றது பள்ளி. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் 2017-இல்தான் அவளுக்குச் சாதகமாக ஒரு வழி பிறந்தது. அதுவும் இன்ன முறையில் வழக்குத் தொடரலாமா என்ற கேள்வியில். அதற்குள் அவள் அந்தப் பள்ளியைவிட்டே போய்விட்டாள். உதவி நாய்க்குத் தெளிவான சட்டம் இருக்கிற நாட்டில் எட்டு வருடம்.

வீட்டுக்காரர் விஷயம். அடுக்குமாடிச் சங்கங்கள் செல்லப் பிராணிகளுக்குத் தடை போடக் கூடாது, பெரும்பான்மை ஓட்டு எடுத்தாலும் செல்லாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அது உங்களுக்கு அதிகம் உதவாது. நீங்கள் வாடகைக்கு இருக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் ‘வளர்ப்புப் பிராணி கூடாது’ என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அது உங்களைக் கட்டுப்படுத்தும். அவர் பதில் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினொரு மாதம் முடிந்ததும் அந்தப் பதில் வரும்.

வெளியே போக வர என்று பார்த்தால், மெட்ரோவில் செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. மாநகரப் பேருந்தில் ஏற்ற மாட்டார்கள். தெரபிக்கு எழும்பூர் போக ஒவ்வொரு முறையும் ஆட்டோ, அதுவும் நாயை ஏற்றிக்கொள்ள மனசு வைக்கிற ஆட்டோ.

உங்கள் தெரு

வீடியோவில் வந்த தெருவில் ஒரு தெருநாய்கூட இல்லை, கவனித்தீர்களா? உங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோடு போவதற்குள் மூன்று கூட்டம் இருக்கும். புது நாயைக் கண்டால் எல்லைக்குள் விடாது. வீட்டு நாயும் பதிலுக்கு உறுமும். இந்த ரகளைக்கு நடுவில், இடுப்பில் கட்டிய பெல்ட்டோடு, சத்தம் பிடிக்காத உங்கள் பிள்ளை. நினைக்கவே எனக்குக் கை நடுங்குகிறது.

வெயிலும் சேர்ந்துகொள்ளும். லாப்ரடார் குளிர் நாட்டு ரோமத்தோடு பிறந்தது. ஏப்ரல், மே மாத மதியத்தில் நம் தார்ச்சாலையில் நடந்தால் உள்ளங்கால் வெந்துபோகும். வெயில் ஏறுமுன் காலையிலோ மாலை ஆறு மணிக்குமேலோதான் வெளியே கூட்டிப் போக முடியும். தீனி, தடுப்பூசி, மருத்துவர் எல்லாம் சேர்த்து மாதம் நாலாயிரத்துக்குக் குறையாது என்பது என் கணக்கு. சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உரிமம் வராது.

நாய் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதைப் படியுங்கள். தம்பியால் ‘நாய் கடித்துவிட்டது’ என்று வந்து சொல்ல முடியாது. தெருவில் தனியாகப் போய்த் திரும்பிய நாளில் கை, கால், முதுகு எல்லாம் துணியை விலக்கிப் பாருங்கள். பல் பட்ட சின்னக் கீறல் இருந்தாலும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உங்களுக்கு ஸ்டான்லி பக்கம். ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாட்கள் என்று நாலு முறை. ஒன்றையும் விடக் கூடாது. ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘நாய் வந்தால் வீட்டில் லட்சுமி தங்க மாட்டாள்’ என்று அவர் சொன்னதை மூடநம்பிக்கை என்று கோபமாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாயைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவர்தான். முட்டிவலியோடு இழுபட்டு விழுந்துவிடுவேன் என்ற பயத்துக்கு லட்சுமியைத் துணைக்கு அழைத்திருக்கலாம் இல்லையா? ஒரு முறை உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

தண்ணீர்

உங்கள் ஒன்பது பக்கத்தில் நான் அடிக்கோடிட்ட ஒரே வரி இது: “குளத்துப் படியில் தண்ணீரைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கூப்பிட்டதும் வந்துவிட்டான்.” இரண்டாவது முறை கடல். இரண்டும் மாலை ஐந்து மணி, பள்ளிச் சோர்வு, அடுப்படியில் குக்கர் சத்தம். தம்பி காரணமில்லாமல் ஓடவில்லை. சத்தத்திலிருந்து எழுந்து தண்ணீருக்குப் போகிறான். தண்ணீர் ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளை இழுக்கும். அதனாலேயே நீரில் மூழ்குவது இவர்களுக்குப் பெரிய அபாயம்.

ஆகவே நாலரை மணிக்கே அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிடுங்கள். குளியலறையில் ஒரு பெரிய டப், இரண்டு குவளை, அரை மணி நேரம், வாசலில் பாட்டிக்கு ஒரு நாற்காலி. டப்பில் இருக்கும்வரை பாட்டி கண்ணை எடுக்கக் கூடாது, முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். குக்கரை அவன் பள்ளியிலிருந்து வருவதற்கு முன்பே இறக்கிவிடுங்கள். இதை இரண்டு வாரம் செய்து, என்றைக்கு வாசலுக்குப் போனான், அதற்கு முன் என்ன நடந்தது என்று காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். எனக்கு அந்தத் தாள்கள் வேண்டும்.

கதவுக்கு மேல் பக்கம், அவன் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். பெரியவர்கள் யாரானாலும் சட்டென்று திறக்கக்கூடியதாக இருக்கட்டும்; தீ என்று ஒன்று இருக்கிறது. பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. கதவு திறந்தால் கூவும் காந்த அலாரம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சத்தம் அவனுக்கு ஆகாது என்பதால் கூவும் பெட்டியை அடுப்படியில் வையுங்கள். சட்டைக் காலரின் உள்பக்கம் உங்கள் போன் எண்ணைத் தைத்துவிடுங்கள். கழுத்தில் மாட்டும் அட்டையைக் கழற்றி எறிந்துவிடுவான்.

அந்த வலை சீர்செய்யும் பெரியவரைத் தேடிப் போய்ப் பாருங்கள். தம்பியையும் கூட்டிப் போங்கள். அவருக்கும், குளத்தடியில் பூ விற்பவருக்கும், முனைக் கடைக்காரருக்கும் போட்டோவும் எண்ணும் கொடுங்கள். ‘இவனுக்குப் பேச வராது, கத்தாமல் கையைப் பிடித்து உட்காரவையுங்கள்’ என்று சொல்லுங்கள். ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியட்டும். காணவில்லை என்றால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள், ஓடிக்கொண்டே அவசர எண் 112-க்கோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ போன் போடுங்கள். நீச்சலும் கற்றுக்கொடுக்க வேண்டும். பொறுமையான ஆள் கிடைத்தால், ஒரு வருடம் ஆனாலும் சரி.

யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டை பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் ‘நிரமயா’ காப்பீட்டில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவு கிடைக்கும், தெரபியும் அதில் அடங்கும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கிறார்கள். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, உங்களுக்குத் தூரம்தான், ஆனால் ஒரு முழு மதிப்பீட்டுக்காக ஒரு நாள் ஒதுக்கலாம். நகையை அடகு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அந்தப் பணம் முதலில் பேச்சுப் பயிற்சிக்கும், அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் போகட்டும். ‘தண்ணீர் வேண்டும்’ என்று ஒரு படத்தைக் காட்டிக் கேட்கத் தம்பி கற்றுக்கொண்டால், அவன் வாசலைத் தேட வேண்டிய அவசியம் பாதி குறையும்.

நாய் வேண்டவே வேண்டாமா

அப்படிச் சொல்லவில்லை. உதவி நாய் வேறு, சிகிச்சைக்குத் துணையாக வரும் நாய் வேறு, வீட்டுச் செல்லம் வேறு. இரண்டாவது வகை நம் ஊருக்குப் புதிதில்லை. விலங்கு நல அமைப்பான சென்னை ப்ளூ கிராஸ் 2001-இலேயே ‘டாக்டர் டாக்’ என்ற பெயரில் சாதுவான நாய்களைச் சிறப்புக் குழந்தைகளிடம் கூட்டிப் போகத் தொடங்கியது. அங்கே நாயைப் பிடித்திருப்பவர் வேறு ஆள், குழந்தை தொட்டுப் பார்க்கும், சீவிவிடும், ஒரு மணி நேரத்தில் நாய் வீட்டுக்குப் போய்விடும். உங்கள் பக்கத்தில் யாராவது இப்படி நடத்துகிறார்களா என்று தெரபிஸ்டிடம் விசாரியுங்கள்.

இல்லாவிட்டால் இன்னும் எளிய வழி. வியாசர்பாடியில் என்னிடம் வரும் ஒரு பையன், இரண்டு வீடு தள்ளி இருக்கும் வயதான நாட்டு நாய்க்குத் தினமும் மாலை சீப்பால் சீவிவிடுகிறான். பத்து நிமிடம். நாய் எழுந்து போனால் முடிந்தது. ‘போதும்’ என்பதை அவனுக்கு அந்த நாய்தான் சொல்லிக்கொடுத்தது. நான் ஒரு வருடம் முயன்று தோற்ற விஷயம். அவன் வீட்டில் நாய் கிடையாது, செலவும் கிடையாது.

தெரிந்த வீட்டில் தடுப்பூசி போட்ட, குரைக்காத, வயதான நாய் ஒன்று இருந்தால், வாரம் இரண்டு முறை தம்பியைக் கூட்டிப் போங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தபடியே. அவன் காதைப் பொத்துகிறானா, கிட்டே போகிறானா, நாயின் வாலைப் பிடித்து இழுக்கிறானா, நாய் அப்போது என்ன செய்கிறது என்று மூன்று மாதம் பாருங்கள். அதற்குள் தாழ்ப்பாளும் டப்பும் காலண்டர் தாளும் தம் வேலையைச் செய்திருக்கும். அப்புறம் எழுதுங்கள். அந்தப் பயிற்சியாளருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள்: “மூன்று மாதம் கழித்துப் பேசுகிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். சலுகை விலை இந்த வாரம்தான் என்று அவர் சொன்னால், உங்களுக்கே தெரிந்துவிடும்.